நைட்ரோபென்சீனுக்கு வைத்த பொட்டு

போன வாரம் கவியா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் என் நாற்காலிக்கு வந்த பெண்.

"மேடம், ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

இப்படி ஆரம்பித்தாலே கோபித்துக்கொள்ளும்படி ஏதோ வருகிறது என்று அர்த்தம். கேளு என்றேன்.

"ஆயுத பூஜைக்கு லேப் உள்ள சந்தனம் கொண்டுவரக் கூடாதுன்னு இங்க ஒரு ரூல் இருக்குதுங்க. எல்லாரும் அத பூங்கொடி ரூல்னு சொல்றாங்க. அந்தப் பூங்கொடி நீங்களா மேடம்?"

"நான்தான். அதுக்கென்ன இப்போ?"

"இல்ல மேடம்... நீங்க சீஃப் கெமிஸ்டுக்கு சந்தனத்துல விஷம் வெச்சீங்கன்னு..."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. யார் சொன்னது என்று கேட்டால் எல்லாரும் சொல்கிறார்கள் என்றாள். முழுப் பொய்யாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். பாதி உண்மையாகப் போய்விட்டதே, என்ன செய்வது! அதனால்தான் பேரனின் பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கவியா, இதைப் படித்துவிட்டு அந்த எல்லாரிடமும் கொண்டு போய்க் காட்டு.

நான் பி.எஸ்சி. வேதியியல். வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடங்கள் குடுவை கழுவினேன், அடுத்த மூன்று வருடங்கள் குடுவை கழுவுகிறவர்களைத் திட்டினேன். பயிற்சி என்றால் அவ்வளவுதான். அதற்குப் பிறகு முக்கால்வாசி நேரம் ஃப்ளோரைடு. தருமபுரி மாவட்டத்துப் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு பார்த்துப் பார்த்து, யாராவது சிரித்தால் முகத்தைப் பார்க்காமல் பல்லில் பழுப்புக் கறை இருக்கிறதா என்று பார்க்கும் வியாதி எனக்கு வந்துவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்தவரைக்கூட அப்படித்தான் பார்த்தேன். கறை இருந்தது, இருந்தாலும் கட்டிக்கொண்டேன்.

எங்கள் சீஃப் கெமிஸ்ட் சிவப்பிரகாசம் சார். அதியமான்கோட்டைக்காரர். ஒல்லியாக, நெட்டையாக, வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் வருவார். அவரைப் போல மரியாதை கொடுக்கும் மனிதரை நான் பார்த்ததில்லை. எனக்கு 'ங்க', அட்டெண்டர் முனியப்பனுக்கு 'ங்க', மேஜையில் ஏறிய பூனைக்கும் "இறங்குங்க" என்றுதான் சொல்வார். கருவிகளையும் ரசாயனங்களையும்கூட 'அவரு' என்பார். "பியூரெட் அவரக் கழுவிட்டீங்களா?" என்று கேட்டால் புதிதாகச் சேர்ந்தவர்கள் பியூரெட் என்று யாரோ அதிகாரி இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

அவர் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே மாட்டார். ஒன்று செயல்முறைக் கோப்பு. எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று நீல அட்டைபோட்டு அவரே எழுதி வைத்தது. இன்னொன்று பூஜை. முருக பக்தர். நெற்றி நிறையச் சந்தனம் இல்லாமல் அவரைப் பார்த்தால் யாரோ என்று தாண்டிப் போய்விடுவோம்.

ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. மைப் பேனாதான் வைத்திருப்பார். யோசிக்கும்போது அதன் மூடியைக் கழற்றி வாயில் வைத்துச் சப்புவார். மத்தியானத்துக்குள் உதடு இரண்டும் நாவல்பழம் தின்றவர் மாதிரி நீலமாக இருக்கும். நாங்கள் யாரும் சொல்ல மாட்டோம். சீஃப் கெமிஸ்டிடம் போய் வாயைத் துடையுங்கள் என்று எப்படிச் சொல்வது?

இப்போது மணம் பார்க்கும் முறையைச் சொல்ல வேண்டும், கதைக்கு அது முக்கியம். சோதனைக்குக் குடிதண்ணீர் சாம்பிள் வந்தால் அதில் வாசனை இருக்கிறதா என்று மூக்கால்தான் பார்க்க வேண்டும். அகல வாய்க் குடுவையில் பாதி நிரப்பி, லேசாகச் சூடாக்கி, மூடிக் குலுக்கி, திறந்தவுடன் முகர வேண்டும். சார் இதை ஒருவர் பார்த்தால் போதாது, இருவர் பார்க்க வேண்டும் என்று விதி போட்டிருந்தார். படிவத்தில் 'மணம்' என்ற வரிசைக்கு நேராக இரண்டு கட்டங்கள். முதல் கட்டம் அவருக்கு, இரண்டாவது எனக்கு.

குடுவையை மூக்கிடம் கொண்டுபோய், கண்ணை மூடி, மூச்சை இழுத்து, மெதுவாகத் தலையாட்டுவார். பிறகு என்னிடம் நீட்டுவார்.

"நான் பாத்துட்டேங்க. என்ன நெனச்சேன்னு சொல்ல மாட்டேன். சொன்னா உங்க மனசு அந்தப் பக்கம் சாஞ்சிடும். நீங்க பாத்துச் சொல்லுங்க."

நான் சேற்று வாசனை என்றால், "கரெக்ட். நானும் அதேதான் நெனச்சேன்" என்று முதல் கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். என்ன ஒரு நேர்மை என்று நான் வீட்டில் போய்ப் பெருமையாகச் சொல்வேன். எனக்கு ஜலதோஷம் பிடித்தால் அவரே சுக்குக் காப்பி வரவழைத்துத் தருவார். "நீங்க ரெஸ்ட் எடுங்க, மணம் நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மேலதிகாரியா என்று கண் கலங்கியிருக்கிறேன்.

ஒருமுறை ஒகேனக்கல்லிலிருந்து ஆற்றுத் தண்ணீர் சாம்பிள் வந்தது. முகர்ந்தேன். மிளகாய்த்தூள் போட்டுப் பொரித்த மீன் வாசனை ஆளைத் தூக்கியது. "சார், மீன் வறுவல் வாசனைங்க" என்றேன். "கரெக்ட். நானும் அதேதான் நெனச்சேன்" என்று எழுதப் போய்விட்டார். திரும்பிப் பார்த்தால் என் முதுகுக்குப் பின்னால் முனியப்பன், சாம்பிள் எடுக்கப் போன இடத்தில் வாங்கிய மீன் பொட்டலத்தைப் பிரித்து வைத்துத் தின்றுகொண்டிருக்கிறான். அன்றைக்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மீனைப் பார்த்ததும் புத்தி அங்கே போய்விட்டது.

இனி நைட்ரோபென்சீன். மூடிக் கிடந்த ஏதோ ஒரு பழைய ரசாயனக் கொட்டகைக்குப் பக்கத்துக் கிணறுகளில் அது கலந்திருக்கிறதா பார்க்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. தண்ணீரில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று கருவி சொல்ல வேண்டுமானால், அந்தப் பொருளையே சுத்தமாக ஒரு துளி கொடுத்துக் கருவிக்கு அறிமுகப்படுத்த வேண்டும். அந்தச் சுத்தமான துளிக்குப் பெயர் ஸ்டாண்டர்ட். கடைக்காரன் எடைக்கல் சரியா என்று பார்க்க முத்திரை ஆய்வாளர் தனியாக ஒரு கல் வைத்திருப்பாரே, அது மாதிரி. ஐந்து மில்லி பழுப்புக் கண்ணாடிக் குப்பி, என் சுண்டுவிரல் உயரம்கூட இல்லை, பஞ்சுப் பெட்டிக்குள் பஞ்சுப் பெட்டி வைத்து வந்தது.

சார் எங்களை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார்.

"இவரு நைட்ரோபென்சீன். பென்சீன் வளையத்துல ஒரு நைட்ரோ தொகுதி ஏறி உக்காந்தா இவரு. நிறம் வெளிர் மஞ்சள், பாக்கறதுக்கு எண்ணெய். தண்ணியில ஊத்துனா மெதக்க மாட்டாரு, அடியில போயிடுவாரு. ஆறு டிகிரிக்குக் கீழ போனா உறைஞ்சிடுவாரு. மணம்..." என்று காகிதத்தைப் பார்த்துப் படித்தார். "கசப்பு பாதாம் மணம். ஷூ பாலிஷ் மாதிரின்னும் சொல்வாங்க."

"நல்ல வாசனைதானுங்களே" என்றான் முனியப்பன்.

"அதாங்க ஆபத்து. நல்லாத்தான் மணப்பாரு, ஆனா தோல் வழியாவே உள்ள பூந்துடுவாரு. ரத்தத்துல சிவப்பா இருக்கறத மாத்திப் பழுப்பாக்கிடுவாரு. அப்புறம் அந்த ரத்தம் ஆக்ஸிஜனைச் சொமக்காது. தலவலி, தலசுத்தல். ஒதடு நீலமாவும், நகம் நீலமாவும். உடனே தெரியாது, ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சுத்தான் வேலையக் காட்டுவாரு. மூடியில சுத்தியிருக்கற மெழுகுப் படலத்த நான் சொல்லாம யாரும் பிரிக்கக் கூடாதுங்க."

எல்லாரும் தலையாட்டினோம். எல்லாரையும்விட அதிகமாகத் தலையாட்டியது நான்.

குப்பியை ஃப்ரிட்ஜில் வைத்தோம். மறுநாள் திறந்து பார்த்த முனியப்பன் அலறிக்கொண்டு ஓடி வந்தான்.

"மேடம், அவரு செத்துட்டாருங்க!"

போய்ப் பார்த்தால் உள்ளே குளிருக்கு உறைந்த நெய் மாதிரி கட்டியாக இருந்தது. உறைந்திருக்கிறார், சாகவில்லை என்று சமாதானம் சொன்னேன். வெளியே எடுத்து வைத்தால் தானே உருகிவிடும் என்று அவனுக்கு நான்தான் விளக்கினேன். ஆமாம், நான்தான். அதை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

அடுத்து ஆயுத பூஜை வந்தது. விடுமுறைக்கு முந்தின நாள் காலையிலேயே எங்கள் லேபில் பூஜை நடக்கும். கருவிகளையெல்லாம் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைப்போம். தராசுக்கு, நுண்ணோக்கிக்கு, பி.எச். மீட்டருக்கு, தண்ணீர்க் குழாய்க்குக்கூடப் பொட்டு. ரெஜிஸ்டர்கள், கோப்புகள், பேனாக்கள் எல்லாம் முருகன் படத்துக்கு முன்னால் அடுக்கப்படும். அப்படி வைத்ததை விடுமுறை முடிந்து வரும்வரை யாரும் தொடக் கூடாது. இது சாரின் சட்டம். அவருடைய மைப் பேனாவும் அங்கேதான் இருக்கும்.

அன்றைக்கு ஃப்ரிட்ஜைக் கழுவ வேண்டும் என்று உள்ளே இருந்ததையெல்லாம் நான் வெளியே எடுத்தேன். குப்பியும் வந்தது. எல்லாருக்கும் பொட்டு வைக்கிறோம், புதிதாக வந்த இவருக்கு மட்டும் வைக்காமல் விட்டால் நன்றாகவா இருக்கும்? வைத்தேன். மூடியைச் சுற்றிய மெழுகுப் படலத்தில் சந்தனம் ஒட்டவே இல்லை. வழுக்கி வழுக்கி வந்தது. மூன்று தடவை வைத்துப் பார்த்தேன், நாலாவது தடவை படலத்தை உரித்துப் போட்டுவிட்டு மூடியில் அழகாக வைத்தேன். உள்ளேதான் கட்டியாக உறைந்திருக்கிறதே, என்ன ஆகிவிடப் போகிறது!

அடுத்த முட்டாள்தனம். குப்பி குட்டியாக இருந்ததால் பித்தளைத் தட்டில் நிற்காமல் உருண்டது. தட்டில், நாங்கள் பூசிக்கொள்வதற்குக் குழைக்க வேண்டிய சந்தனத்தூளைக் குவித்து வைத்திருந்தேன். அந்தக் குவியலில் குப்பியைச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜைக் கழுவப் போய்விட்டேன். நம் ஊர் வெயிலில் அது உருக எவ்வளவு நேரம் ஆகும்? மூடியிலும் போதிய இறுக்கம் இல்லை போலிருக்கிறது. மஞ்சள் எண்ணெய், மஞ்சள் தூளில் சத்தம் போடாமல் இறங்கியிருக்கிறது.

நான் திரும்பி வந்து குப்பியை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். பழுப்புக் கண்ணாடி, அளவு குறைந்தது தெரியவில்லை. முனியப்பன் அந்தத் தூளைக் கிண்ணத்தில் கொட்டி, பன்னீர் ஊற்றிக் குழைத்தான். கோப்பில் எழுதியிருக்கிறபடி எதையும் விரலால் கலக்கக் கூடாது என்பதால் கண்ணாடிக் குச்சியால் கலக்கினான். சாரின் விதி அவன் கையைக் காப்பாற்றியது.

வாசனை வரவில்லையா என்று கேட்பாய் கவியா. வந்தது. ஆனால் பிரசாதத்துக்கு முனியப்பன் ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பாதாம்பால் கொண்டு வந்திருந்தான், எசன்ஸைத் தாராளமாக ஊற்றி. அதோடு சாம்பிராணி, கற்பூரம், ஊதுபத்தி. அந்தப் புகையில் யாருக்கு என்ன தெரியும்?

"சந்தனம் ஜம்முனு மணக்குதுங்க மேடம். எங்க வாங்குனீங்க?" என்று கேட்டான் முனியப்பன்.

"காரிமங்கலம் சந்தையில" என்று பெருமையாகச் சொன்னேன்.

நாங்களெல்லாம் நெற்றியில் ஆளுக்கொரு துளி வைத்துக்கொண்டோம். சார் அப்படி இல்லை. நெற்றி முழுக்க மூன்று பட்டை, கழுத்தில் பட்டை, இரண்டு கைகளிலும் பட்டை, சட்டைப் பொத்தானைக் கழற்றி மார்பிலும் பட்டை. மிச்சமிருந்ததை வழித்துப் பிடரியிலும் தடவிக்கொண்டார். தீபாராதனை முடிந்தது. பாதாம்பாலை எல்லாரும் குடித்தோம், அவர் மட்டும் சர்க்கரை வியாதி என்று தொடவில்லை.

அதன்பிறகு அவருக்கு வேலையில்லை. எழுதப் பேனா இல்லை, படிக்கக் கோப்பு இல்லை. அறையில் சும்மா உட்கார்ந்திருந்தார். மத்தியானம் சாப்பிட்டு முடித்த நேரம், முனியப்பன் என்னிடம் வந்தான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"மேடம், சாரு என்ன 'வா'ன்னு கூப்ட்டுட்டாருங்க."

"என்னது?"

"'முனியப்பா, தண்ணி எடுத்துட்டு வா'ன்னாரு. இத்தினி வருஷத்துல ஒரு நாள்கூட 'ங்க' போடாம கூப்ட்டதில்லீங்க. நான் என்னா தப்பு பண்ணேன்?"

உள்ளே ஓடினேன். சார் நாற்காலியில் சரிந்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு நீலமாக இருந்தது. அது எப்போதும் இருக்கிறதுதானே என்று திரும்பிவிட்டேன். நிஜமாகவே வாசல்வரை வந்துவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் முருகன் படம். படத்துக்கு முன்னால் அவருடைய மைப் பேனா, மூடியோடு, மூடியில் பொட்டோடு.

பேனா இங்கே இருந்தால் உதட்டில் மை எங்கிருந்து வந்தது?

திரும்பி ஓடி அவர் கையைப் பிடித்தேன். பத்து நகமும் நீலம். "சார், தல வலிக்குதுங்களா?"

"கனமா இருக்குது. பேனா இல்லாததால இருக்கும்."

குனிந்து அவர் நெற்றிக்கு நேராக மூக்கை வைத்து முகர்ந்தேன். பாதாம். பாதாம்பாலை வாயில் வைக்காத மனிதரின் நெற்றியில் பாதாம்! அந்த நேரம் பார்த்து டைப்பிஸ்ட் அம்மா உள்ளே வந்து, சீஃப் கெமிஸ்டின் நெற்றியில் என் மூக்கு இருப்பதைப் பார்த்துவிட்டு, "ஐயையோ" என்று வெளியே ஓடினார். அவருக்கு விளக்கம் சொல்ல எனக்கு நேரமில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் காலி. நானே இந்த மனிதரைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"முனியப்பா! கையுறை போடு! சோப்புக் கரைசல எடு! சாரக் குளிப்பாட்டணும்!"

பின்பக்க முற்றத்தில் ஸ்டூல் போட்டு அவரை உட்கார வைத்தோம். சட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக் கட்டினோம். முனியப்பன் அவசரத்தில் காய்ச்சி வடித்த தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அந்த நிலைமையிலும் சார் கையை உயர்த்தித் தடுத்தார்.

"டிஸ்டில்டு வாட்டர் வேணாம். அது டெஸ்டுக்கு. போர் தண்ணி ஊத்து."

"சார் மறுபடியும் 'ங்க' போடலீங்க மேடம்" என்று அழுதுகொண்டே போர் குழாயைத் திறந்தான் முனியப்பன். தேய்த்தோம், ஊற்றினோம், திரும்பத் தேய்த்தோம். என் நெற்றித் துளியையும் எல்லாருடைய துளியையும் கழுவச் சொன்னேன். ஜன்னல்களைத் திறந்து, சந்தனக் கிண்ணத்தை மூடி, கொல்லையில் வைத்தோம்.

அடுத்துதான் பெரிய போராட்டம். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரிடம் அந்த ரசாயனத்தின் பாதுகாப்புத் தாளைக் காட்ட வேண்டும். அந்தத் தாள் நீலக் கோப்பில் இருந்தது. நீலக் கோப்பு பூஜையில், பத்து ரெஜிஸ்டர்களுக்கு அடியில். நான் கையை நீட்டியதும், துண்டைப் போர்த்திக்கொண்டு நின்ற சார் உலுக்கிவிட்டது மாதிரி நிமிர்ந்தார்.

"மேடம்! பூஜையில இருக்கறத எடுக்கக் கூடாது!"

"சார், உங்க படத்துக்கு நான் பூஜ பண்ற மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான் எடுக்கறேன், சும்மா இருங்க!"

வாழ்க்கையில் அவரை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். கோப்பை உருவினேன். ரெஜிஸ்டரெல்லாம் சரிந்து விழுந்து, பொரியும் கடலையும் தரையில் சிதறின. முருகா, மன்னித்துக்கொள் என்று கிளம்பினோம்.

ஜீப்பை முனியப்பன்தான் ஓட்டுவான். முன்னால் இரண்டு வாழைக்கன்று, கண்ணாடியில் சந்தனம், மாவிலைத் தோரணம், நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். நசுக்கிக்கொண்டு புறப்பட்டோம். வழியில் போகிறவர்கள் எங்களைப் பார்த்து, ஊர்வலம் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். அந்த நிலையிலும் சார் பதிலுக்குக் கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது லேடி டாக்டர். என்ன ஆச்சு என்றார்.

"சந்தனம் பூசிக்கிட்டாருங்க" என்றான் முனியப்பன்.

டாக்டர் அவனையும் பார்த்தார், வாசலில் நின்ற வாழைக்கன்றையும் பார்த்தார். நான் முன்னால் போய்த் தாளை நீட்டி ஒரே மூச்சில் சொன்னேன். விரலில் கிளிப் மாட்டினார்கள். "ஆக்ஸிஜன் வெச்சும் எண்பத்தஞ்சுலயே நிக்குதே" என்றார் டாக்டர். ரத்தம் எடுத்தார். ஊசியில் ஏறியது சாக்லேட் நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறி, நர்ஸிடம் திரும்பி, "மெத்திலீன் புளூ எடுங்க, சீக்கிரம்" என்றார்.

"எங்க லேபுல ஒரு பாட்டில் நெறைய இருக்குதுங்க, ஓடிப் போயி எடுத்தாரட்டுங்களா?" என்றான் முனியப்பன்.

"அது சோதனைக்கு வெச்சிருக்கறது. அத ஒடம்புல ஏத்தக் கூடாது. நீங்க வெளிய போய் உக்காருங்க!"

நரம்பில் கருநீலமாக அந்த மருந்து மெதுவாக இறங்கியது. வெளியே பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். தலை விண்விண் என்று தெறித்தது. நெற்றித் துளியின் வேலையா, பயத்தின் வேலையா தெரியவில்லை. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவர் மனைவியிடம் போய் என்ன சொல்வேன்? பொட்டு ஒட்டவில்லை, அதனால் உங்கள் புருஷனைக் கொன்றுவிட்டேன் என்றா? அழுகை அழுகையாக வந்தது.

ஒரு மணி நேரம் இருக்கும். உள்ளேயிருந்து சாரின் குரல்.

"முனியப்பன், கொஞ்சம் வாங்க!"

முனியப்பன் துள்ளி எழுந்தான். "மேடம், 'ங்க' வந்துடுச்சிங்க! 'ங்க' வந்துடுச்சி!" என்று கத்தினான். வார்டே எங்களைத் திரும்பிப் பார்த்தது.

கூப்பிட்டது ஏன் என்றால், அவருடைய சிறுநீர் பச்சை நீலமாகப் போயிருக்கிறது. மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சாருக்குப் பயமெல்லாம் இல்லை. அதில் சாம்பிள் எடுத்து, லேபிள் ஒட்டி வைக்க வேண்டுமாம். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். உதடு பழைய நிறத்துக்கு வந்திருந்தது. உண்மையில் அவருடைய உதட்டின் நிறத்தை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"சார், மெழுகுப் படலத்தப் பிரிச்சது நான்தாங்க. பொட்டு ஒட்டல. குப்பியச் சந்தனத்துல சாய்ச்சு வெச்சதும் நான்தான். மெமோ குடுங்க, சஸ்பெண்டு பண்ணுங்க, என்ன வேணா பண்ணுங்க."

அவர் கையை ஊன்றித் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பூங்கொடி மேடம், அந்தச் சந்தனத்த நான் கையில எடுத்தேன், மூக்குக்குக் கீழதான் பூசுனேன். எனக்குத் தெரிஞ்சிருக்கணுங்களா இல்லைங்களா?"

"புகையில யாருக்குங்க சார் தெரியும்?"

"புகை இல்லாட்டியும் தெரியாதுங்க. சின்ன வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதுல இருந்து எனக்கு வாசனையே கெடையாது. பூவு, சாம்பாரு, சாக்கடை, எதுவுமே."

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக விளங்கியது. கண்ணை மூடித் தலையாட்டுவது. என்ன நினைத்தேன் என்று சொல்லாமல் விடுவது. மீன் வறுவல். சுக்குக் காப்பி! எனக்கு ஜலதோஷம் என்றால் மாவட்டமே மணம் பார்க்காமல் காத்திருந்தது!

"அப்ப இத்தினி வருஷமா..."

"நீங்க பாத்ததுதாங்க. நான் கையெழுத்து மட்டும் போட்டேன். சொன்னா பதவி போயிடும்னு பயம். தப்புத்தாங்க."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். வெளியே நின்ற முனியப்பன் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தான்.

விடுமுறை முடிந்து வந்ததும் பேனாவைப் பூஜையிலிருந்து எடுத்து, சார் முதலில் எழுதியது அந்த அறிக்கையைத்தான். எதையும் மறைக்கவில்லை. 'ஊழியர் பூங்கொடி பொட்டு வைக்கும் பொருட்டு மெழுகுப் படலத்தை நீக்கினார். தலைமை வேதியியலாளருக்கு முகரும் திறன் இல்லை, அதை அவர் இதுநாள்வரை தெரிவிக்கவில்லை.' நான் எவ்வளவோ கெஞ்சினேன், இரண்டாவது வரியை எடுத்துவிடுங்கள் என்று. முதல் வரி இருந்தால் இரண்டாவதும் இருக்கும் என்றார்.

மேலிடத்திலிருந்து பதில் வந்தது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். பரிசோதனைக்கூடத்துக்குள் இனிமேல் சந்தனம் கூடாது. சாரின் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த வரியை அவர்கள் படித்தார்களா என்பதே சந்தேகம். சார் தானாகவே படிவத்தைத் திருத்தி, மணம் பார்க்க என்னையும் வேறொருவரையும் போட்டார். ஆக, கவியா, பூங்கொடி ரூல் என்று சொல்லிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. விஷம் வைத்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் வைத்தது பொட்டு.

சார் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். மனைவி தவறிவிட்டார், பையன் பெங்களூரில். அதியமான்கோட்டையில் தனியாகத்தான் பொங்கித் தின்கிறார். சந்தை நாளில் பஸ் ஏறிக் காரிமங்கலம் வருவார். காய்கறி வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து என் முன்னால் வைப்பார்.

"நேத்து வெச்ச சாம்பாருங்க. ஃப்ரிட்ஜுல வெச்சிருந்தேன். ஊசிப்போச்சான்னு ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க."

எனக்கு எரிச்சலாக வரும். சாம்பாரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருகிற மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. பயத்தில் வருகிறார் என்பது எனக்குத் தெரியும். கெட்டுப்போனது தெரியாமல் சாப்பிட்டு இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர். திட்டிக்கொண்டே டப்பாவைத் திறந்து, லேசாகக் குலுக்கி, முகர்ந்து பார்ப்பேன்.

போன சந்தை நாளிலும் வந்தார். நன்றாகத்தான் இருக்கிறது, சாப்பிடலாம் என்றேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டையும் மைப் பேனாவையும் எடுத்தார். தேதி போட்டு, 'சாம்பார், மணம் ஏற்கத்தக்கது' என்று எழுதி, பக்கத்தில் இரண்டு கட்டம் வரைந்தார். பேனா மூடியை வாயில் வைத்துக்கொண்டு நோட்டை என் பக்கம் திருப்பினார்.

"மொதல் கட்டத்துல நீங்க போடுங்க" என்றார்.